துரை வண்டியின் விளக்குகள்

போன வருடம் டுரியான் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் பழைய லேண்ட்ரோவர் ஒன்றை வாங்கினேன். பாலிக் பூலாவ் மலைச்சரிவில் டுரியான் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் நண்பனும் நானும் பாதிப் பாதி போட்டோம். டுரியான் பெரும்பாலும் இரவில்தான் விழும். விடிவதற்குள் பொறுக்கிச் சடக்குக்கு இறக்கியாக வேண்டும். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கூடை கட்டி இறக்குவதுதான் அங்கே வழக்கம். மழை பெய்த இரவில் அந்த மண்பாதையில் கூடையோடு ஒருமுறை விழுந்து எழுந்தவனுக்கு, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியின் அருமை தெரியும். நண்பன் மூன்று முறை விழுந்தவன்.

வண்டியை ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்பா வெளியே வந்தார். முன்பக்கம் கம்பி வலையை ஒட்டி, ஒன்றுக்கொன்று நெருங்கி உட்கார்ந்திருக்கும் இரண்டு முகவிளக்குகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"துரை வண்டியவா வாங்கிட்டு வந்திருக்க?"

அவ்வளவுதான். "ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் வாங்கப்பா" என்றேன். காதில் விழாதவர்போல உள்ளே போய்விட்டார்.

நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மிகச் சாதாரணமான வேலை. வண்டியைப் பேர் மாற்ற வேண்டும், மலைப்பாதைக்கு ஏற்ற விளக்குகளைச் சட்டப்படி பொருத்த வேண்டும். ஆனால் விளக்கைப் பற்றி விசாரிக்கப் போன ஒவ்வொரு இடத்திலும் அப்பா கேட்ட கேள்வி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அதனால் இந்தக் கட்டுரை வண்டியைப் பற்றியதும்தான், அப்பா ஏன் அதில் ஏற மறுத்தார் என்பதைப் பற்றியதும்தான்.

லேண்ட்ரோவரும் மலாயாவின் அவசரகாலமும் ஒரே வருடத்தில் பிறந்தவை. 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அந்த வண்டி முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்டது. ஏழு வாரம் கூட ஆகவில்லை. ஜூன் 16ஆம் தேதி பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் நிர்வாகம் அவசரகாலத்தை அறிவித்தது. அது 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு வருடம் நீடித்தது.

வண்டியின் பிறப்புக் கதையில் போர் ஒரு மிச்சமாக மட்டும் இருக்கிறது. ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸை ஒட்டிய ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில், ராணுவம் கழித்துப்போட்ட அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்துபோனால் அதற்குப் பதிலாக வாங்க வேறு வண்டி இல்லை என்பதுதான் அவருடைய பிரச்சினை. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இரும்புத் தகடு பங்கீட்டில்தான் கிடைத்தது. அலுமினியக் கலவைத் தகட்டுக்கு அவ்வளவு தட்டுப்பாடு இல்லை. எனவே வண்டியின் உடம்பை அலுமினியத்தில் அடித்தார்கள். விவசாயிக்கான வண்டி என்றுதான் விற்றார்கள். ஆனால் உலகம் முழுக்க அதை அள்ளிக்கொண்டவர்களில் ராணுவங்களும் காலனி அரசாங்கங்களும் தோட்டக் கம்பெனிகளும் முன்னால் நின்றார்கள். பிரிட்டனுக்கு அப்போது ஏற்றுமதி வருமானம் உயிர்த்தண்ணீர். லேண்ட்ரோவர் அந்தக் கணக்கில் ஒரு வரி என்றால், மலாயாவின் ரப்பரும் ஈயமும் அதே கணக்கில் இன்னும் பெரிய வரி. ரப்பரைக் காப்பாற்ற வந்த படையும், கித்தாக்காட்டுக்குள் அந்தப் படையை ஏற்றிக்கொண்டு போன வண்டியும் ஒரே கல்லாப்பெட்டிக்காக உழைத்தன.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் தோட்டத்து மண்பாதையே போர்முனையாக இருந்தது. துரைமார்கள் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகட்டால் கவசம் அடித்துக்கொண்டார்கள். 1951 அக்டோபர் 6ஆம் தேதி ஃபிரேசர் மலைக்குப் போகும் பாதையில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கிக் கொல்லப்பட்டபோது, அவருடைய ரோல்ஸ் ராய்ஸோடு காவலுக்குப் போனதும் போலீஸ்காரர்களை ஏற்றிய லேண்ட்ரோவர்தான்.

இது துரைகளின் பக்கம். லயத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் காலம் வேறு மாதிரி தெரியும். தொழிற்சங்கங்கள் நொறுக்கப்பட்டன. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து வேலி போட்டார்கள். பால்வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, காட்டுக்குள் அரிசி கடத்துகிறார்களா என்று சோதித்தார்கள். இரவில் ஊரடங்கு. வேலியோரத்தில் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. அந்த வெளிச்சம் உள்ளே இருப்பவர்களுக்காகப் போட்டதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டி அந்தக் காலத்தைக் 'கம்னிஸ் காலம்' என்றுதான் சொல்வார். சின்ன வயதில் அவரிடம் நான் அடிக்கடி கேட்டு வாங்கிய கதைகளில் ஒன்று, இருட்டில் வண்டியை அடையாளம் பார்ப்பது எப்படி என்பது.

"ரெண்டு வெளக்கும் தள்ளித் தள்ளி இருந்தா அது லாரி. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா துரை வண்டி, இல்லன்னா சோல்ஜர் வண்டி. லாரின்னா திரும்பிப் படுத்துக்குவோம். மத்ததுன்னா புள்ளைங்கள எழுப்பிடுவோம்."

உடனே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார். "ஜப்பான்காரன் காலத்துல அப்படியே தலைகீழு. அப்போ லாரின்னாதான் பயம்." அவருடைய அண்ணனைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனது லாரி. அவர் திரும்பவில்லை.

பாட்டி சொன்ன விளக்குக் கணக்கைக் கதை என்றுதான் நினைத்திருந்தேன். வண்டி என் வாசலுக்கு வந்தபிறகு அளந்து பார்த்தேன். ஆரம்பகால லேண்ட்ரோவர்களில் முகவிளக்குகள் இரண்டும் நடுவில், ரேடியேட்டரை மூடும் சட்டகத்தோடு சேர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் மட்கார்டுகள் வெறுமையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூரத்து இருட்டில் பார்த்தால் வண்டியின் அகலம் தெரியாது, நெருக்கமான இரண்டு புள்ளிகள்தான் தெரியும். அப்பா வாசலில் நின்று பார்த்ததும் அந்த இரண்டு புள்ளிகளைத்தான்.

ரெலாவ் பக்கம் எனக்குத் தெரிந்த சீனப் போமன் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர். பழைய வண்டி என்றால் கூலியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லும் அளவுக்குப் பிரியம். வண்டிக்கு அடியில் படுத்தவர் கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார். பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியல்மேல் காய்ந்த சேற்றைத் திருப்புளியால் சுரண்டிக் காட்டினார். உள்ளே வெள்ளைப் பெயின்ட். அதற்கு மேலே ஒரு சின்ன விளக்கின் கூடு, பல்பு இல்லாமல்.

"அஸ்கார் வண்டி" என்றார் மலாயில். சிப்பாய்களின் வண்டி.

பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றிய ராணுவ வண்டிகளில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. இரவில் எதிரியின் கண்ணில் படாமல் வரிசையாகப் போக வேண்டியிருந்தால், ஒரே சுவிட்சில் மற்ற எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். வண்டிக்கு அடியில் இந்தச் சின்ன விளக்கு மட்டும் எரியும். அதன் வெளிச்சம் வெள்ளையடித்த உருண்டைமேல் மங்கலாக விழும். பின்னால் வரும் ஓட்டுநர் அந்த ஒரு வெள்ளைப் பொட்டைப் பார்த்துக்கொண்டே தொடர்வார். பக்கத்தில் நிற்பவனுக்கோ மேலே பறப்பவனுக்கோ எதுவும் தெரியாது. தன் ஆளுக்கு மட்டும் தெரிகிற விளக்கு.

வண்டி விளக்கை வரலாற்றாக யோசிக்க வைத்தது இந்தப் பொட்டுதான். விளக்குக்கு இரண்டு வேலை. ஓட்டுகிறவன் பார்ப்பதற்கு ஒன்று, மற்றவர்கள் அவனைப் பார்ப்பதற்கு ஒன்று. இரண்டும் ஒன்றாகவே நடப்பதால் நாம் பிரித்து நினைப்பதில்லை. போர் வரும்போதுதான் பிரிகிறது. 1939 செப்டம்பரில் பிரிட்டன் விளக்கணைப்பைச் சட்டமாக்கியது. தெருவிளக்குகள் அணைந்தன, கார் விளக்குகளுக்கு மூடி போட்டார்கள். ஜெர்மானிய விமானங்கள் வருவதற்கு முன்பே அந்த மாதம் சாலை மரணங்கள் முந்தைய வருடத்தைவிட இரு மடங்காகிவிட்டன. நடைபாதை ஓரங்களிலும் கார் மட்கார்டுகளிலும் மரங்களிலும் வெள்ளையடிக்க ஆரம்பித்தார்கள்.

நம் பக்கத்தில் நேர்மாறாக நடந்தது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி அதிகாலை ஜப்பானிய விமானங்கள் முதன்முதலாகச் சிங்கப்பூரின் மேல் வந்தபோது நகரத்தின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஜார்ஜ் டவுனுக்கு இருட்டும் உதவியிருக்காது. டிசம்பர் 11ஆம் தேதி பட்டப்பகலில் குண்டு போட்டார்கள். விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தவர்கள் தெருவிலேயே செத்தார்கள். அடுத்த சில நாட்களில் ஐரோப்பியர்கள் மட்டும் இரவோடு இரவாகத் தீவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்த இருட்டு அவர்களுக்கு உதவியது. எஞ்சியவர்களைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்க்காரர்கள் ஒரு குழு அமைத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர், இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவர். இங்கே படை இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் ஜப்பானியர்களுக்கு அறிவித்தவரும் அவரே. ஓடிப்போனவர்களுக்கு யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டியிருந்தது. இருந்தவர்களுக்கு எதிரியின் கண்ணிலேயே பட வேண்டியிருந்தது.

தாத்தாவின் கதைக்கு வருகிறேன். இதை எனக்குச் சொன்னவரும் பாட்டிதான். அப்பா ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

1961. அவசரகாலம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊரடங்கு இல்லாததால் தோட்டத்து ஆட்கள் இரவில் பயமில்லாமல் டவுனுக்குப் போய்வர ஆரம்பித்திருந்தார்கள். சம்பளம் போட்ட சனிக்கிழமை. தாத்தா சைக்கிளில் நிபோங் திபால் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். சைக்கிளில் டைனமோ விளக்கு பழுதாகி ஒரு மாதமாகிறது. தோட்டத்துக்குள் திரும்பும் மண்பாதையில் எதிரே லேண்ட்ரோவர் வந்தது. காட்டுப்பன்றி வேட்டைக்காக முன் பம்பரில் கூடுதலாக இரண்டு பெரிய விளக்குகள் பொருத்தியிருந்த வண்டி. நாலும் எரிந்தன. பின்னால் இன்னொரு சைக்கிளில் வந்தவர் பார்த்திருக்கிறார். தாத்தா ஒரு கையால் கண்ணை மறைத்திருக்கிறார். சைக்கிள் ஓரத்துக்குப் போகாமல் நடுப்பாதைக்கு வந்துவிட்டது.

விசாரணையில் கேட்ட முதல் கேள்வி, சைக்கிளில் விளக்கு இருந்ததா என்பது. இல்லை. அதோடு முடிந்தது. சவப்பெட்டிச் செலவு கிடைத்தது, வேறொன்றும் இல்லை. அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. பதின்மூன்று வயதில் பெரட்டுக்குப் போய் நின்றார்.

"வெளக்கு இல்லாததால செத்தாருன்னு எழுதிட்டாங்க" என்பார் பாட்டி. "வெளக்காலதான்யா செத்தாரு."

பாட்டியின் இந்த இரண்டு வாக்கியங்களைச் சட்டத்தோடு வைத்துப் பார்க்கிறேன். வண்டி விளக்கைப் பற்றி எந்த நாட்டுச் சட்டமும் அடிப்படையில் இரண்டைத்தான் சொல்கிறது. இருட்டில் விளக்கு இருக்க வேண்டும். அந்த விளக்கு மற்றவர் கண்ணைப் பறிக்கக் கூடாது. முதலாவதைச் சோதிப்பது சுலபம். விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரர் பார்த்தாலே போதும். பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், சைக்கிள் விளக்குக்காகச் சம்மன் வாங்கிய கதை வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். இரண்டாவதைச் சோதிக்க எதிர்த்திசையில் போய் நிற்க வேண்டும். அங்கே பெரும்பாலும் நின்றவர்கள் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான். அவர்கள் சொல்லை எழுதிக்கொள்ள ஆள் இல்லை.

நம் நாட்டில் வண்டிகள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அடிப்படை விதிகள் 1959இல் எழுதப்பட்டவை. மெர்டேக்கா கிடைத்து இரண்டு வருடம், அவசரகாலம் இன்னும் முடியவில்லை. அப்போது தாய்ச்சட்டமாக இருந்தது 1958ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதன் இடத்துக்கு 1987இல் புதிய சட்டம் வந்தது. ஆனால் திருத்தங்களோடு அதே 1959 விதிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. என் வண்டியைவிடப் பழைய விதிகள். தாத்தா செத்தபோது இரண்டு கட்டளையுமே புத்தகத்தில் இருந்தன என்பதுதான் எனக்கு உறுத்தியது.

உலகம் மெதுவாகத்தான் எதிர்த்திசையில் போய் நின்று பார்க்கக் கற்றது. 1950களில் ஐரோப்பாவில் தாழ்வொளியின் வடிவத்தை மாற்றினார்கள். அதற்குமுன் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வெட்டுப்பட்டிருந்த ஒளி, இப்போது ஓரப் பக்கம் மட்டும் சற்று மேலே ஏறியது, எதிரே வருபவன் பக்கம் தாழ்ந்தே நின்றது. 1958இல் ஜெனீவாவில் வண்டிப் பாகங்களுக்குப் பொதுத் தரம் வகுக்கும் ஒப்பந்தம் ஒன்று ஐக்கிய நாடுகளின் கீழ் உருவானது. ஒரு நாட்டில் சோதித்துத் தேறிய விளக்கை மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ளும். தேறியதற்கு அடையாளம், கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஓர் எண்ணும். ஜெர்மனிக்கு 1, நெதர்லாந்துக்கு 4, பிரிட்டனுக்கு 11. மலேசியா 2006இல் சேர்ந்தது. நம் எண் 52.

லேண்ட்ரோவரும் மாற வேண்டியிருந்தது. 1960களின் கடைசியில் சொலிஹல் தொழிற்சாலை முகவிளக்குகளை நடுவிலிருந்து பிடுங்கி மட்கார்டுகளுக்குத் தள்ளிவைத்தது. அழகுக்காக இல்லை. வண்டியை இறக்குமதி செய்த சில நாடுகளின் விளக்குச் சட்டங்களுக்குப் பழைய அமைப்பு ஒத்துவரவில்லை. விளக்குகள் வண்டியின் விளிம்புக்கு அருகில் இருந்தால்தான் எதிரே வருபவனுக்கு அதன் அகலம் தெரியும், எவ்வளவு ஒதுங்க வேண்டும் என்று தெரியும். என் பாட்டி லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து படித்த அந்த நெருக்கமான இரண்டு புள்ளிகளை, இருபது வருடம் கழித்துச் சட்டமும் படித்து, இது சரியில்லை என்று சொன்னது. என் வண்டி 1966ஆம் வருடத்தது. மாற்றத்துக்கு முந்தியது.

பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கும் எண்ணம் உங்களில் யாருக்காவது இருந்தால் இனிச் சொல்வது உதவலாம். நம் நாட்டில் பழைய லேண்ட்ரோவர்கள் வரும் வழிகள் சில உண்டு. ராணுவ ஏலம், மூடப்பட்ட தோட்டங்களின் கொட்டகைகள், கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்கள். எங்கிருந்து வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கிராண்டை. அதில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இந்தக் காலத்து லேண்ட்ரோவரில் சேசிஸ் எண் வலதுபக்கம் முன் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இரும்பில் இருக்கும். சுரண்டிப் பாருங்கள். உடம்பு அலுமினியம் என்பதால் துரு இல்லை என்று விற்பவர் சொல்வார். உண்மைதான், ஆனால் சேசிஸ் இரும்பு. சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு மணிபோலச் சொல்லும். பேர் மாற்றுவதற்கு முன் 'பி5' பரிசோதனை உண்டு. அங்கே முதலில் பார்ப்பதே எண்களைத்தான். ஒரு வண்டியின் கிராண்டை வேறொரு வண்டியின் உடம்பில் ஒட்டவைத்திருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொள்ளும்போது உங்கள் பணம் விற்றவனிடம் இருக்கும்.

எங்கள் வண்டி எண்ணில் தேறியது. சிக்கல் விளக்கில்தான். முன்பு வைத்திருந்தவர் கூரைமேல் வண்டியின் அகலத்துக்கு எல்.இ.டி. பட்டை போட்டிருந்தார். பம்பரில் நாலு உருண்டை விளக்கு. பழைய முகவிளக்குக் கூட்டுக்குள்ளும் எல்.இ.டி. பல்புகளைத் திணித்திருந்தார். ஒருநாள் இரவு தோட்டத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். டுரியான் மரத்தின் உச்சியில் இருந்த காய்களை எண்ண முடிந்தது. நண்பனுக்கு ஒரே குஷி. எனக்கு வேறு ஏதோ நினைவு வந்தது.

மறுநாள் பட்டையைக் கழற்றினேன். முகவிளக்கின் பல்புகளையும் மாற்றினேன். விளக்குக் கூட்டின் குழிந்த கண்ணாடி, இழை பல்பில் ஒளி எந்தப் புள்ளியிலிருந்து புறப்படுமோ அந்தப் புள்ளியை வைத்துச் செதுக்கப்பட்டது. வேறு வகை பல்பைத் திணித்தால் ஒளி நாலா பக்கமும் சிதறும். ஓட்டுகிறவனுக்கு வெளிச்சம் அதிகம் போலத் தெரியும், அந்த மிச்சம் அத்தனையும் எதிரே வருபவன் கண்ணில் விழும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இணையத்தில் மலிவாக வருவதில் பல, வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்தவை. அவற்றின் தாழ்வொளி வலதுபக்கம் மேலே ஏறும். இடதுபக்கம் ஓட்டும் நம் சடக்கில் அது நேராக எதிரே வருபவன் முகத்துக்குப் போகும். 'இ' முத்திரை இருக்கிறதா, இடதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கானதா, இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

மலைப்பாதைக்காக இரண்டு கூடுதல் விளக்கு போதும் என்று முடிவு செய்தோம். ஒவ்வொன்றும் 55 வாட். போமன் அங்கிள் ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் கணக்குப் போட்டார். பழைய டைனமோ 22 ஆம்பியர்தான் கொடுக்கும். முகவிளக்கு இரண்டும் மேல்வெளிச்சத்தில் 120 வாட், இந்த இரண்டும் 110. இதற்கே 19 ஆம்பியர். மழையில் வைப்பரும் ஓடினால் பேட்டரி கடன் கொடுக்க வேண்டியதுதான். "நாலு விளக்கு கேட்டிருந்தால் வண்டியே வேண்டாம் என்றிருக்கும்" என்று சிரித்தார். சுவிட்ச் வழியாக மின்சாரத்தை நேராக விடாமல் ரிலேயும் ஃபியூஸும் போட்டார். இந்த வண்டியில் பேட்டரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கிறது. இன்றைய பழக்கத்தில் வயர் கொடுத்தால் எரிந்துபோகும்.

பொருத்துவதற்கு முன் விளக்கின் அட்டைப்பெட்டியையும் ஒரு படத்தையும் எடுத்துக்கொண்டு ஜே.பி.ஜே. கவுண்டருக்குப் போனேன். வண்டியின் பதிவான அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, கேட்டுச் செய்ய வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகவிளக்கைவிட உயரத்தில் வேண்டாம், பொதுச் சடக்கில் எரியக் கூடாது, ஓடும்போது மூடிபோட்டு மூடியிருக்க வேண்டும் என்றார். நிறத்தில் விளையாடக் கூடாது, முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு. என் வண்டிக்கு எனக்குச் சொன்னது இது. உங்கள் வண்டிக்கு நீங்களே போய்க் கேளுங்கள். கடைக்காரன் வார்த்தையை நம்பிப் பொருத்தினால் சம்மன் கடைக்காரனுக்கு வராது.

கிளம்பும்போது அவரே கேட்டார். "இவ்வளவு கேட்டுச் செய்கிறவர்கள் குறைவு. ஏன்?"

சும்மாதான் என்றேன். என்ன சொல்வது?

கடைசி வேலை, முகவிளக்கின் கோணத்தைச் சரிசெய்வது. தாழ்வொளி பத்து மீட்டர் தூரத்தில் பத்து சென்டிமீட்டராவது தாழ வேண்டும். ஓர் இரவு வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் வண்டியை நிறுத்தி, எதிர்ச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுத் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்பா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"செவுத்துக்கு என்னாடா தெரியும்?"

வண்டியைத் திருப்பிச் சந்தின் நீளத்துக்கு நிறுத்தச் சொன்னார். பிறகு அவர் பாட்டுக்கு விளக்குக்கு எதிரே இருட்டுக்குள் நடந்துபோனார். இருபத்தைந்து, முப்பது அடி இருக்கும். திரும்பி நின்றார். பிறகு முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தாழ்ந்தார். எழுபத்து மூன்று வயதில் அப்படி நிற்பது அவருக்குச் சிரமம்.

"என்னப்பா பண்றீங்க?"

"சைக்கிள்ல ஒக்காந்தா கண்ணு இந்த ஒயரத்துலதான் இருக்கும். போடு."

போட்டேன். ஒரு கையைக் கண்ணுக்கு மேலே கொண்டுபோனார்.

"கூசுது. எறக்கு."

அரைத் திருகு இறக்கினேன்.

"இன்னும்."

வலதுபக்க விளக்கையும் இறக்கினேன். அவர் கையை எடுத்தார். சந்து முனைத் தெருவிளக்கின் வெளிச்சத்தில் நான் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தேன்.

"இப்போ?" என்று கேட்டேன்.

"இப்போ சரி" என்றார் அப்பா. "இப்போ ஓட்டுறவன் மூஞ்சி தெரியுது."